மந்தைக் காவல் நாயின் இடம்: ஃபிக்ஹும் படைப்பியல்பும்

நாய் வளர்ப்பது பற்றிய வினா நம்மிடையே எழும்போதெல்லாம் உரையாடல் ஒரே தடத்தில் சென்று ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. நாயின் உடல் முழுவதும் அசுத்தமா, எச்சில் மட்டும் அசுத்தமா? அது வாய் வைத்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவ வேண்டும்? அது உலவும் வீட்டில் தொழுகை கூடுமா? இவை கேட்கத்தக்க வினாக்களே. சட்ட மேதைகள் இவற்றுக்கு விரிவான விடைகளையும் தந்துள்ளனர். ஆயினும் இவை அனைத்தும் மனிதனின் பக்கத்திலிருந்து எழுபவை. அவனுடைய ஆடைக்கும் பாத்திரத்துக்கும் நன்மைகளுக்கும் என்ன ஆகும் என்பதே இவற்றின் கவலை. அந்த நாய்க்கு என்ன ஆகும் என்ற வினாவையும் நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர். நாம்தாம் கேட்க மறந்துவிட்டோம்.

இவ்விரு வகை வினாக்களையும் ஒருசேர எழுப்பும் எடுத்துக்காட்டு ஒன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழும் துருக்கி நாட்டில் உண்டு. அனத்தோலியப் பீடபூமியில் ஆட்டு மந்தையைக் காப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டுவரும் காங்கல் என்னும் நாயை, இன்று பெருநகரங்களின் அடுக்குமாடி வீடுகளினுள்ளே வைத்து வளர்ப்போர் இருக்கின்றனர். சொந்த மண்ணின் நினைவாக வாங்குவோர் சிலர். அதன் வலிமையைப் பெருமையாகக் கருதி வாங்குவோர் சிலர். குட்டியின் அழகில் மயங்கி வாங்குவோர் பலர். இச்செயல் மார்க்கத்தின் பார்வையில் எத்தகையது, அந்த உயிரின் பார்வையில் எத்தகையது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். இரு பார்வைகளும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன என்பதே நம் துணிபு.

மேய்ச்சல் நிலத்தின் காவலன்

துருக்கியின் நடுப்பகுதியில் அமைந்த சிவாஸ் மாநிலத்தில் காங்கல் என்றொரு வட்டம் உள்ளது. இந்நாய்க்குப் பெயர் தந்தது அவ்வூரே. கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரையும் கடந்த உயரம். மரங்கள் அருகிய புல்வெளி. கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கும் குளிர். அக்கராமான் எனப்படும் கொழுவால் செம்மறியாடுகள் அங்கே மந்தை மந்தையாக மேய்கின்றன. அவற்றை நாடி ஓநாய்களும் வருகின்றன.

இந்நிலம் உருவாக்கிய நாய் காங்கல். வளர்ந்த ஆண் நாயின் தோள் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர்; எடை 50 கிலோவுக்கு மேல். மங்கிய மஞ்சள் அல்லது சாம்பல் நிற உடல், கரிய முகம், முதுகின் மேல் சுருண்டு நிற்கும் வால். உடலை மூடும் உரோமம் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. மேலடுக்கு பனியையும் மழையையும் தடுக்கும். நெருங்கிய கீழடுக்கு உடற்சூட்டைக் காக்கும். பனி பொழியும் இரவில் இந்நாய் மந்தையின் ஓரத்தில் வெட்டவெளியில் சுருண்டு படுத்து உறங்கும். ஓநாய் முதலில் கவ்வ முயல்வது கழுத்தையே ஆதலால், மேய்ப்பர்கள் அதன் கழுத்தில் கூரிய இரும்பு முட்கள் பொருத்திய பட்டையை அணிவிப்பர். வாற்கோதுமை மாவைக் கரைத்துச் செய்யும் கூழே அதற்கு மரபான உணவு.

மந்தையோடு தொழில் செய்யும் நாய்கள் இருவகை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். ஆடுகளை விரட்டியும் வளைத்தும் இடையன் விரும்பிய திசையில் ஓட்டிச் செல்வது ஒருவகை. அது இடையனின் சீழ்க்கைக்கும் கையசைவுக்கும் கட்டுப்பட்டுப் பணியாற்றும். காங்கல் அவ்வகையைச் சார்ந்ததன்று. அது ஆடுகளை ஓட்டுவதில்லை, ஆடுகளோடு வாழ்கிறது. மந்தை நகர்ந்தால் தானும் நகர்ந்து, மந்தை படுத்தால் உயரமான ஓரிடத்தில் தானும் படுத்து, நாற்புறமும் நோக்கியிருக்கும். இரவே அதன் பணிநேரம். இடையன் உறங்கும் வேளையில் தானே எழுந்து சுற்றி வருகிறது, தானே ஆபத்தை எடைபோடுகிறது, தானே முடிவெடுக்கிறது. அதன் முதல் ஆயுதம் குரைப்பு. அந்நியன் ஒருவன் இங்கே விழித்திருக்கிறான் என்று ஓநாய்க்கு அறிவிப்பதே பெரும்பாலும் போதுமானதாகிவிடும். பாய்ந்து கடித்தல் இறுதி வழியே.

இவ்வியல்பு எவ்வாறு உருவாகிறது என்பதை அமெரிக்க நாட்டின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சார்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் இணையர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து விரிவாக ஆராய்ந்தனர். துருக்கி உள்ளிட்ட நாடுகளிலிருந்து மந்தைக் காவல் நாய்களை வருவித்து அங்குள்ள பண்ணைகளில் விட்டுக் கவனித்தனர். குட்டி பிறந்த மூன்றாவது வாரமளவில் தொடங்கிப் பதினாறாவது வாரமளவில் முடியும் பருவமே நாயின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் வலியுறுத்திய உண்மை. அப்பருவத்தில் யாருடைய மணத்தையும் மூச்சையும் அறிந்து வளர்கிறதோ அவர்களையே அது தன் இனமாகக் கொள்கிறது. ஆட்டுப்பட்டியில் வளர்ந்த குட்டிக்கு ஆடுகளே உறவு. அவ்வுறவைக் காப்பதற்கே அது வாழ்கிறது.

ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் சிறுத்தைப் பாதுகாப்பு நிதியம் என்னும் அமைப்பு 1994-ஆம் ஆண்டு முதல் அனத்தோலிய மரபு நாய்களைக் கால்நடை வளர்ப்போருக்கு வழங்கிவருகிறது. நாய் மந்தையைக் காப்பதால் விவசாயி சிறுத்தையைச் சுட வேண்டிய தேவை குறைகிறது. ஓரிடத்தில் ஒழுங்காகப் பணியில் அமர்த்தப்பட்ட ஒரு நாய் ஆட்டையும் காக்கிறது. ஆட்டைத் தேடிவரும் வேட்டை விலங்கையும் மரணத்திலிருந்து காக்கிறது.

நபிமொழி வகுத்த எல்லை

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். தேவையின்றி நாய் வைத்திருப்பவரின் நற்செயல்களிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் அளவு குறைந்துவரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கின்றார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இரண்டு கீராத் என்று வந்துள்ளது. இரண்டையும் இமாம்கள் புகாரி, முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளனர். இந்த எச்சரிக்கையிலிருந்து அதே நபிமொழிகளில் விலக்கப்பட்டிருப்பவை மூன்று: கால்நடையைக் காக்கும் நாய், வேட்டை நாய், விளைநிலத்தைக் காக்கும் நாய். வேட்டைக்குப் பழக்கப்பட்ட விலங்குகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று திருக்குர்ஆனும் (5:4) அனுமதிக்கிறது.

கூர்ந்து நோக்கினால், நபிமொழி எந்த நாயினத்தின் பெயரையும் சொல்லவில்லை. பணியின் பெயரையே சொல்கிறது. எனவே அனுமதி நாயின் பிறப்பைச் சார்ந்ததன்று, அது ஆற்றும் தொழிலைச் சார்ந்தது. இக்கருத்தின் கிளைகளையும் சட்ட மேதைகள் விடாது ஆய்ந்தனர். வேட்டைக்குச் செல்லாதவன் வேட்டை நாயை வைத்திருக்கலாமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களுள் ஒன்று. பிற்காலப் பணிக்காகக் குட்டியை இப்போதே வளர்க்கலாமா என்பது மற்றொன்று. கூடும் என்பதே சரியான கருத்து என இமாம் நவவி (ரஹ்) (இ. 676/1277) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகின்றார்கள். வீட்டையும் தெருவையும் காப்பதற்கு நாய் வைப்பதையும் மூவகை விலக்கோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே ஏற்றது என்பதும் அவர்களுடைய முடிவு. ஸ்பெயின் மண்ணின் மாலிகி அறிஞர் இப்னு அப்தில் பர் (ரஹ்) (இ. 463/1071), நன்மை குறையும் என்ற சொல்லிலிருந்து வெறுக்கத்தக்கது என்ற தரத்தையே பெறுகின்றார், ஹராம் என்னும் தரத்தை அவர் பெறவில்லை.

ரிஸாலா என்னும் புகழ்பெற்ற மாலிகிச் சட்டநூலின் ஆசிரியர் கைரவான் நகர இப்னு அபீ ஸைத் (ரஹ்) (இ. 386/996) பற்றி மாலிகி நூல்களில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவருடைய வீட்டுச் சுவர் இடிந்தபோது காவலுக்கு நாய் ஒன்றைக் கட்டினார். இமாம் மாலிக் இதை விரும்பவில்லையே என்று ஒருவர் வினவ, இமாம் மாலிக் நம் காலத்தில் வாழ்ந்திருந்தால் சிங்கத்தையே காவலுக்கு வைத்திருப்பார் என்னும் பொருள்பட விடையளித்தாராம். தேவை மெய்யானதாக இருக்கையில் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பதற்கு இது சான்று. அந்நாய் சுவர் இடிந்த இடத்தில் நின்று காவல் செய்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

நன்மை குறைவதற்கான காரணங்களாக விரிவுரையாளர்கள் சொல்பவையும் சிந்திக்கத்தக்கவை. வழிப்போக்கர் அஞ்சுவர்; விருந்தினர் வரத் தயங்குவர்; இரவலர் வாசலிலிருந்து திரும்பிவிடுவர்; பாத்திரங்களில் அறியாமல் வாய் வைத்துவிடும்; வானவர் வருகை தடைபடும். இவற்றுள் முதல் மூன்றும் அண்டை அயலாரின் உரிமையைச் சார்ந்தவை. மேய்ச்சல் நிலத்தில் அயலார் அருகில் இல்லை. அடுக்கு வீட்டில் ஒவ்வொரு சுவருக்கும் அப்பால் அயலார் இருக்கின்றனர்.

தூய்மையும் மத்ஹபுகளும்

நாயின் தூய்மை பற்றிய கருத்து வேறுபாடு நன்கு அறியப்பட்டதே. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் நாய் முழுவதும் கடும் அசுத்தம். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். உலர்ந்த நிலையில் பட்டால் அசுத்தம் தொற்றுவதில்லை. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி எச்சில் அசுத்தம், உடல் அசுத்தமன்று. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே. பாத்திரத்தை ஏழு முறை கழுவுவதை அவர்கள் காரணம் கேளாது கீழ்ப்படியும் வணக்கமாகக் கொள்கின்றனர். நபிகளாரின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலினூடே போய் வந்தன என்றும், அதற்காக அங்கே நீர் தெளிக்கப்படவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அறிவித்த செய்தி இவ்வாய்வுகளில் எடுத்தாளப்படுவதுண்டு.

தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களுள் பெரும் பகுதியினர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அதனால் நாயோடு வாழ்வதே நம் மத்ஹபுக்கு ஒவ்வாதது என்று நம்முள் பலர் எண்ணியிருக்கின்றோம். ஆனால் துருக்கியின் கிழக்கு மலைகளில் ஆடு மேய்த்து வாழும் குர்து மக்களுள் மிகப் பலரும் ஷாஃபிஈகளே. காவல் நாய் இன்றி அவர்களின் மேய்ச்சல் வாழ்வு இல்லை. கடுமையான தூய்மைச் சட்டமும் நாயின் துணையும் ஒரே வாழ்வில் இணைந்து செல்ல முடிந்ததற்குக் காரணம், நாய் பட்டியருகே இருந்தது. தொழுகை விரிப்பு வீட்டினுள்ளே இருந்தது.

அதே ஷாஃபிஈ சட்ட நூல்களில் தயம்மும் பற்றிய பாடத்தைப் புரட்டினால் மற்றொரு காட்சி தெரியும். வழிப்பயணியிடம் இருப்பது சிறிதளவு நீர். அவனுடன் உள்ள பேணத்தக்க உயிர் ஒன்று தாகத்தில் தவிக்கிறது. அந்நீரை உயிருக்குப் புகட்டிவிட்டு அவன் மண்ணால் தயம்மும் செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். பயன் தரும் நாயும் அவ்வாறு பேணத்தக்க உயிர்களுள் அடங்கும். எந்த நாயின் எச்சிலை ஏழு முறை கழுவச் சொன்னதோ, அந்த நாயின் தாகத்தைத் தொழுகைக்கான உளூவுக்கும் முன்னே வைத்தது இந்த மத்ஹப். அசுத்தம் என்பது தொடுகை பற்றிய சட்டமே; வெறுப்புக்கான ஆணை அதில் இல்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட நபிமொழியை அறிந்த சமுதாயத்துக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

காங்கல் வீட்டினுள் வாழ்ந்தால் இச்சட்டங்களின் நடைமுறை என்னவாகும்? அடர்ந்த கீழடுக்கு உரோமத்தைப் பருவந்தோறும் பெருமளவில் உதிர்க்கும் நாய் அது. தாடையிலிருந்து எச்சில் வடியும். நீர் குடித்த ஈர வாயோடும், மழையில் நனைந்த உடலோடும் கம்பளத்தின் மேல் நடக்கும். அக்கம்பளத்தின் மேலேதான் குடும்பத்தினர் அமர்கின்றனர், தொழுகின்றனர். மாலிகி ஒருவருக்கு இது எளிது. ஹனஃபி ஒருவருக்குக் கவனம் வேண்டும். ஷாஃபிஈ ஒருவருக்கோ நாள்தோறும் முடிவில்லாத சுமை. மத்ஹபை மாற்றிக்கொண்டு தீர்வு தேடுவோர் உண்டு. நாயின் இடத்தை மாற்றிவிட்டால் வினாவே எழாது.

வானவர் நுழைவது பற்றிய நபிமொழியிலும் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அனுமதிக்கப்பட்ட காவல் நாயும் வேட்டை நாயும் வானவரைத் தடுப்பதில்லை என்பது இமாம் கத்தாபி (ரஹ்) (இ. 388/998) அவர்களின் கருத்து. எல்லா நாய்களையும் அச்சொல் உள்ளடக்கும் என்பதையே இமாம் நவவி (ரஹ்) வலுவானதாகக் கருதினார்கள். இரு கருத்துகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வீடு என்ற எல்லைக்கு வெளியே நிற்கும் காவல் நாயைப் பற்றி எவருக்கும் சிக்கலில்லை.

குகைவாசலில் ஒரு நாய்

திருக்குர்ஆன் ஒரு நாயைச் சிறப்பாக நினைவுகூர்கிறது. குகைத் தோழர்கள் நெடுங்காலம் உறங்கியபோது அவர்களின் நாய் தன் முன்னங்கால்களை நீட்டி வாயிலில் படுத்திருந்ததாக அல்கஹ்ஃப் அத்தியாயம் (18:18) சொல்கிறது. அவர்களின் எண்ணிக்கை பற்றி மக்கள் கூறும் ஒவ்வொரு கணக்கிலும் நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது (18:22). அதன் பெயர் கித்மீர் என்று மரபில் வழங்கப்பட்டுவருகிறது.

அந்நாய் இருந்த இடத்தைக் குறிக்க இறைவன் ஆண்ட சொல் வஸீத் என்பது. வாசற்படி, வாயில், முற்றம் என்றெல்லாம் விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் கண்டனர். நாய்களின் வழக்கப்படி அது வாயிலில் படுத்திருந்தது என்றும், நாய் உள்ள வீட்டில் வானவர் நுழைவதில்லை ஆதலால் அது வெளியே இருந்தது என்றும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) (இ. 774/1373) விளக்குகின்றார்கள். உறங்குவோருக்கும் உலகுக்கும் நடுவே அது கிடந்தது. குகைக்குள் நுழையவில்லை, விரட்டப்படவும் இல்லை. நல்லோரின் கூட்டத்தில் ஒன்றாக எண்ணப்படுவதற்கு அது அவர்களின் படுக்கையில் இடம்பெற வேண்டியிருக்கவில்லை. காவலனின் கண்ணியம் அவன் நிற்கும் வாயிலிலேயே இருக்கிறது. காங்கல் நாயின் இடையன் கூடாரத்துக்குள் உறங்க, நாய் மந்தையோரத்தில் விழித்திருக்கும் காட்சிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

பசு பேசிய நபிமொழி

இதுவரை மனிதனின் பக்கத்தைக் கண்டோம். இனி அந்த உயிரின் பக்கம். பூமியில் உலவும் விலங்குகளும் சிறகடிக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) உரைக்கிறது. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனித்தே குறிப்பிட்டதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வந்துள்ளது.

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற மற்றொரு நபிமொழி நம் வினாவுக்கு நேராக விடை தருகிறது எனலாம். ஒருவர் பசு ஒன்றை ஓட்டிச் சென்றார். பின் அதன் மேல் ஏறிக்கொண்டார். அப்பசு திரும்பி, தாங்கள் இதற்காகப் படைக்கப்படவில்லை, உழவுக்காகவே படைக்கப்பட்டோம் என்று உணர்த்திப் பேசியது. மக்கள் வியந்தனர். தாமும் அபூபக்ரும் உமரும் இதை நம்புவதாக நபிகளார் (ஸல்) கூறினார்கள். அதே நபிமொழியின் அடுத்த பகுதியில் ஓநாய் ஒன்று மந்தையிலிருந்து ஆட்டைக் கவ்விச் செல்கிறது. இடையன் துரத்தி மீட்கிறான். மேய்ப்பர் எவரும் இல்லாத நாளில் இந்த ஆட்டைக் காப்பவர் யார் என்று ஓநாய் கேட்கிறது.

விலங்குகளை அவை வழக்கமாகப் பயன்படும் பணிகளிலேயே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இந்நபிமொழி சான்றாகக் கொள்ளப்படுவதை இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) (இ. 852/1449) தம் புகாரி விரிவுரையில் எடுத்துக்காட்டுகின்றார்கள். இது கண்டிப்பான கட்டளையாகவன்றி மேலானதைச் சுட்டுவதாகவும் இருக்கலாம் என்ற குறிப்பையும் சேர்க்கின்றார்கள். எவ்வாறாயினும், ஒவ்வொரு உயிருக்கும் ஒரு படைப்பியல்பு உண்டு, அதற்கு மாறான வாழ்வில் அதை நிறுத்துவது அதன் முறையீட்டுக்கு உரியது என்ற உண்மை இதில் தெளிவு.

அடுக்கு வீட்டினுள் அடைக்கப்பட்ட காங்கல் பேச வல்லதாயின் என்ன சொல்லும்? மந்தையின் மணத்தை அறிய வேண்டிய வாரங்களில் அது மனிதக் குடும்பத்தை மட்டுமே அறிகிறது. எனவே குடும்பமே அதன் மந்தை. முதல் ஆண்டில் அது குழந்தைகளோடு விளையாடும் சாதுவான குட்டி. இரண்டு வயதை நெருங்கும்போது அதனுள் உறங்கிய காவலன் விழித்துக்கொள்கிறான். மாடிப்படியில் கேட்கும் காலடி, மின்தூக்கியின் ஓசை, கதவைத் தட்டும் உறவினர் யாவும் அதன் செவியில் ஓநாயின் வருகையே. இரவெல்லாம் விழித்துக் குரைக்கிறது. கெட்ட குணம் என்று மக்கள் இதைச் சொல்கின்றனர். அது தன் கடமையையே செய்கிறது. கடமை செய்யும் இடம்தான் தவறானது.

தானே முடிவெடுக்கப் பழகிய மரபாதலால் அதட்டலுக்கு எளிதில் அடங்காது. பனியில் உறங்க அமைந்த உரோமம் வெப்பமூட்டப்பட்ட அறையில் அதற்கு வேதனை. விரைந்து வளரும் கனத்த எலும்புகளுக்கு வழுக்கும் தரை ஏற்றதன்று. மந்தையோடு நாள் முழுதும் நடக்க வேண்டிய கால்களுக்கு ஒரு கூடத்தின் நீளமே கிடைக்கிறது. அண்டை வீட்டார் முறையிடுவர். பின்னர் அது மாடிமுகப்பில் கட்டப்படும். அதன் பின்னர் தெருவில் விடப்படும்.

இதன் விளைவு அந்த ஒரு நாயோடு நிற்பதில்லை. டென்மார்க் அரசு 2010-ஆம் ஆண்டு ஆபத்தானவை என்று தடைசெய்த நாயினங்களின் பட்டியலில் காங்கலும் இடம்பெற்றது. ஆடுகளின் நடுவே குட்டியாட்டின் மேல் கால் படாது நடக்கும் ஓர் உயிர், இடம் மாறியதால் கொடிய விலங்கு என்ற பெயரைச் சுமக்கிறது.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழி நம் பிள்ளைகளும் அறிந்ததே. அவள் அதற்கு உணவும் தரவில்லை. பூமியில் தானே தேடி உண்ணவும் விடவில்லை. பசியால் அப்பூனை மாண்டதே அவளுடைய குற்றம். வீட்டினுள் நாயை அடைத்தவர் உணவைத் தாராளமாகவே தருகிறார். அவரை அப்பெண்ணோடு ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும் உயிரை அதன் இயல்பான வாழ்விலிருந்து தடுத்து நிறுத்துவதும் அந்நபிமொழியில் சொல்லப்பட்டுள்ளதை அவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எல்லா நாய்களும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பண்ணை வீட்டின் விரிந்த முற்றத்தில் காவல் செய்துவிட்டு, சிறிது நேரம் வீட்டின் முன்கூடத்தில் வந்து படுக்கும் நாய்க்குத் தீங்கொன்றும் இல்லை. நோயுற்ற நாயையும், கடும் பனியில் ஈன்ற குட்டிகளையும் கொட்டிலிலோ வீட்டின் ஒரு பகுதியிலோ வைத்துப் பேணுவது தேவையின்பாற்படும், இரக்கத்தின்பாற்படும். நம் ஆட்சேபம், ஒரு காவலனின் முழு வாழ்வையும் நான்கு சுவர்களுக்குள் முடித்துவிடுவதைப் பற்றியது.

ஏற்கெனவே உள்ளே இருப்பின்

இத்தனையும் படித்த பின் ஒருவர், தாம் செய்துவந்தது தவறு என்று உணர்ந்து, மார்க்கப் பற்றின் வேகத்தில் நாயை வெளியே துரத்திவிட எண்ணலாம். அது முன்னதைவிடப் பெரிய அநீதி. நாயை வீட்டினுள் வைத்ததில் இருந்தது அறியாமை. வீதியில் எறிவதில் இருப்பது அமானித மோசடி.

ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) (இ. 660/1262) தம் கவாயிதுல் அஹ்காம் என்னும் நூலில், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை நிரல்பட எழுதினார்கள். முதுமையாலும் நோயாலும் பயன் தராத நிலையை அடைந்தாலும் அவற்றுக்குச் செலவு செய்ய வேண்டும். ஆற்றலுக்கு மேற்பட்ட சுமை ஏற்றலாகாது. அவற்றுக்குத் தீங்கு செய்பவற்றோடு சேர்த்து அடைக்கலாகாது. அவை தங்கும் இடத்தைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும். பயன் முடிந்தாலும் பொறுப்பு முடிவதில்லை என்பது இதன் சாரம்.

எறியப்பட்ட நாய்களின் வரலாற்றையும் துருக்கியே நமக்குக் காட்டுகிறது. 1910-ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரத் தெருக்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான நாய்கள் பிடிக்கப்பட்டு, மர்மரா கடலின் பாறைத் தீவொன்றில் விடப்பட்டுப் பசியாலும் தாகத்தாலும் மாண்டன. 2004-ஆம் ஆண்டின் 5199-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதைத் தடுக்க முற்பட்டது. 2024-ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, தெரு நாய்களைக் காப்பகங்களில் சேர்க்கும் பொறுப்பு நகராட்சிகளுக்கு அளிக்கப்பட்டது. அதைப் பற்றி அந்நாட்டில் கடும் விவாதம் நடந்தது. எவர் பக்கம் நியாயம் இருப்பினும் ஒன்று உறுதி: தெருவில் விடப்படும் ஒவ்வொரு வளர்ப்பு நாயும் ஒரு தனிமனிதரின் கடமை தவறுதலில் தொடங்கியதே.

ஆகவே செய்யத்தக்கது என்ன? குட்டி இன்னும் நான்கு மாதத்தைக் கடக்கவில்லையெனில், மந்தை வைத்திருப்பவரிடமோ நிலமுள்ளவரிடமோ ஒப்படைப்பது அதற்குச் செய்யும் பேருபகாரம். வளர்ந்துவிட்ட நாயைத் திடீரென ஆடுகளின் நடுவே விடலாகாது. ஆடுகளை உறவாக அறியாத அது அவற்றைத் துரத்தவோ காயப்படுத்தவோ கூடும். அதற்கு ஏற்றது வேலியிட்ட தோட்டமும், காவல் செய்ய ஒரு வாயிலும். அத்தகைய இடம் கிடைக்கும்வரை, வீட்டின் குளிர்ந்த முன்பகுதியை அதற்கென ஒதுக்குக. தொழும் அறையைத் தனியே பேணுக. காலையும் மாலையும் நெடுந்தூரம் நடத்திச் செல்க. விருந்தினர் வரும் வேளையில் அதை அமைதியான இடத்தில் வைத்து இருசாராரையும் அச்சத்திலிருந்து காக்க. முதுமையடைந்து இடம் மாற்ற இயலாத நாயெனில், அது இருக்கும் இடத்திலேயே இறுதிவரை பேணப்பட வேண்டும். அதன் வீட்டாருக்குத் தூய்மையைப் பேணுவதில் நேரும் சிரமம் அந்த அமானிதத்தின் ஒரு பகுதியே.

இன்னும் வாங்காதவருக்கு நாம் சொல்வது சுருக்கமானது. மந்தை இல்லையெனில், நிலம் இல்லையெனில், மந்தைக் காவல் நாயை நாடாதிருப்பதே அதன் மீது நாம் காட்டும் அன்பு.

ஃபிக்ஹு நூல்கள் நாயை வீட்டின் எல்லைக்கு வெளியே நிறுத்தியதை அன்பின்மை என்று சிலர் குறைகூறுகின்றனர். அந்நூல்களே அதற்குப் பட்டியிலும் வயலிலும் வாயிலிலும் ஓர் இடத்தைத் தந்தன. அதன் உணவையும் தாகத்தையும் உரிமையாக்கின. அதன் முதுமையைப் பொறுப்பாக்கின. படைத்தவன் அதற்குத் தந்த இயல்பும் அவ்விடத்தையே நாடுகிறது. இரண்டையும் அருளியவன் ஒருவனே ஆதலால் இரண்டும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. நம் பொறுப்பில் வந்த ஒவ்வோர் உயிரையும் அதன் இடமறிந்து பேணும் நல்லுதவியை அவன் நமக்கு அருள்வானாக. அல்லாஹ்வே நன்கு அறிந்தவன்.